காருக்குள் கிடைத்த துண்டு எது? எறிவதற்கு முன் அடையாளம் காண ஒரு வழிகாட்டி

காரைக் கூட்டிச் சுத்தம் செய்யும்போது ஓட்டுநரின் காலடியில் ஒரு பிளாஸ்டிக் பொத்தான் கிடைக்கிறது. இருக்கைக்கு அடியில் ஒரு நட்டு உருள்கிறது. பழைய கார் வாங்கிய சில நாளில் பூட்டின் மூலையில் பெயர் தெரியாத ஓர் இரும்பு வளையம் தென்படுகிறது. நம்மில் பலர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்போம். பிறகு நாணயம் போடும் குழியில் போட்டுவிடுவோம், இல்லையென்றால் குப்பையில் எறிந்துவிடுவோம். வண்டிதான் ஓடுகிறதே, பிறகென்ன என்று தோன்றும்.

ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் வட்டாரங்களில் பதினைந்து, இருபது ஆண்டு ஓடிய புரோட்டோன் சாகா, வீரா, பெரோடுவா கான்சில், மைவி கார்கள் இன்றும் பல குடும்பங்களின் வேலைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெயிலில் நிற்கும் காருக்குள் பிளாஸ்டிக் காய்ந்து நொறுங்குகிறது. தோட்டத்து மண்சாலையின் குலுக்கலில் திருகுகள் தளர்கின்றன. இப்படி விழும் துண்டுகளில் பெரும்பாலானவை ஆபத்தற்றவை. சில துண்டுகள் விழுந்தபின் அந்த வண்டியைப் பட்டறை வரைக்கும்கூட ஓட்டிச் செல்லக் கூடாது. இரண்டையும் பிரித்தறிவதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. கிடைத்த இடம், பொருள், உடைந்த விதம், அதிலுள்ள எழுத்து ஆகிய நான்கையும் வரிசையாகப் பார்த்தால் போதும்.

முதல் வேலை: கிடைத்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

துண்டை எடுப்பதற்கு முன் கைப்பேசியில் இரண்டு படம் எடுங்கள். ஒன்று தூரத்திலிருந்து, அது எந்தப் பக்கம் கிடக்கிறது என்று தெரியும்படி. மற்றொன்று அருகிலிருந்து, பக்கத்தில் ஒரு 20 சென் நாணயத்தையோ அளவுகோலையோ வைத்து. அளவு தெரியாத படத்தை வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக்காலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது.

பிறகு துண்டைச் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தேதியையும் கிடைத்த இடத்தையும் எழுதி வையுங்கள். காரின் தரையில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். ஓட்டுநரின் காலடியில் உருளும் பொருள் எதுவாக இருந்தாலும், பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கினால் அதுவே விபத்துக்குப் போதும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2009 ஆகஸ்டில் ஒரு லெக்சஸ் காரில், வேறு ரகக் காருக்கான கால் விரிப்பு எண்ணெய்ப் பெடலில் சிக்கியதால் கார் கட்டுப்பாட்டை இழந்து நான்கு பேர் உயிரிழந்தனர். அதன்பின் டொயோட்டா நிறுவனம் பல இலட்சம் கார்களை மீட்டுக்கொள்ள வேண்டி வந்தது. அங்கே இயந்திரத்தில் எந்தப் பாகமும் உடைந்திருக்கவில்லை. தரையில் கிடந்த ஒரு விரிப்பே காரணமாயிற்று.

அது காரின் பாகம்தானா?

இருக்கைக்கு அடியில் கிடைப்பதெல்லாம் காரிலிருந்து விழுந்தவை அல்ல. குழந்தைகளின் விளையாட்டுப் பொருள், குடையின் கம்பி, கைப்பையின் கொக்கி, முந்தைய உரிமையாளர் பொருத்தியிருந்த வானொலியின் பிடிப்பு என்று பலவும் கிடைக்கும். எலி கடித்துப் போட்ட கம்பி உறையும் பஞ்சும் கிடைத்தால், துண்டைவிட எலியே முக்கியம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வண்டி நிறுத்துபவர்கள் பானெட்டைத் திறந்து மின்கம்பிகளைப் பார்த்துவிடுவது நல்லது.

பழைய கார் வாங்கியவர்கள் அடிக்கடி எறிந்துவிடும் பொருள்கள் இரண்டு உண்டு. முதலாவது, ஒரு முனையில் தடித்த வளையமும் மறுமுனையில் திருகுப் புரியும் உள்ள இரும்பு. அது பம்பரில் உள்ள மூடியைக் கழற்றிவிட்டு முறுக்கிப் பொருத்தும் இழுவை வளையம். வண்டி நின்றுபோனால் இழுத்துச் செல்ல அது வேண்டும். இரண்டாவது, உட்புறம் பூ வடிவிலோ ஒழுங்கற்ற பள்ளங்களோடோ இருக்கும் சிறு இரும்புக் குப்பி. அது திருட்டைத் தடுக்கும் சக்கர நட்டின் சாவி. அதைத் தொலைத்துவிட்டால், டயர் பஞ்சரான இரவில் சக்கரத்தைக் கழற்ற வழியிருக்காது.

பொருளைப் பாருங்கள்

துண்டு இரும்பா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா, ரப்பரா என்பது அடுத்த கேள்வி. காந்தம் ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு. இரும்பாக இருந்தால் கவனத்தைக் கூட்டுங்கள், ஏனென்றால் பாரம் தாங்கும் இடங்களில் இருப்பவை பெரும்பாலும் இரும்பு போல்ட்டும் பின்னும்தான். போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருந்தால் அது வலிமைத் தரத்தைக் குறிக்கும் எண். எண் பெரிதாக இருந்தால் போல்ட்டின் வலிமையும் அதிகம். அப்படிப்பட்ட போல்ட்டுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டை மாட்டக் கூடாது.

ரப்பரைப் பற்றித் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட மரக்கன்றுகள் இந்நாட்டின் முதல் ரப்பர் மரங்களில் சேர்ந்தவை. அதன் பிறகு பேராக் தோட்டங்களில் மூன்று, நான்கு தலைமுறைகள் பால் வெட்டி வாழ்ந்தன. பால்மரத்து ரப்பருக்கு இழுவையும் அதிர்வும் தாங்கும் குணம் அதிகம். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட், சஸ்பென்ஷன் புஷ் போன்றவற்றில் அது பயன்படுவது அதனால்தான். அதற்கு எண்ணெய் ஆகாது. எண்ணெய் பட்டால் ஊறி உப்பி, மெழுகு போலாகிவிடும். எண்ணெய் படும் இடங்களில் உள்ள சீல்களைச் செயற்கை ரப்பரில் செய்கிறார்கள்.

கிடைத்த ரப்பர் துண்டு உப்பி ஒட்டும் பதத்தில் இருந்தால், எங்கோ எண்ணெய் கசிகிறது என்று பொருள். வெடித்துக் காய்ந்திருந்தால் வெயிலும் வயதும் காரணம். பிரேக்கைச் சேர்ந்த ரப்பர்களில் மண்ணெண்ணெயோ எஞ்சின் எண்ணெயோ தடவி 'மென்மையாக்க' முயல்வது ஆபத்து. அவை பிரேக் திரவத்துக்கென்றே செய்யப்பட்டவை, மற்ற எண்ணெய் பட்டால் கெட்டுவிடும்.

உடைந்ததா, கழன்றதா?

துண்டின் ஓரங்களைப் பாருங்கள். எல்லாப் பக்கமும் வழவழப்பாக, முழுமையாக இருந்தால் அது கழன்று விழுந்த பாகம். ஒரு பக்கம் சொரசொரப்பாக இருந்தால் உடைந்து விழுந்தது. அப்படியென்றால் மீதிப் பாதி இன்னும் வண்டியிலேயே மாட்டியிருக்கிறது.

இரும்பு உடைந்த முகத்தில் ஒரு பகுதி மங்கித் துருப்பிடித்தும் மற்றொரு பகுதி பளபளப்பாகவும் இருந்தால், விரிசல் பல நாள் முன்பே தொடங்கிச் சிறிது சிறிதாகப் பரவி, கடைசியில் மிச்சப் பகுதி ஒரேயடியாக முறிந்திருக்கிறது. அத்தகைய துண்டைக் கழுவாமல், தேய்க்காமல் அப்படியே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எப்போதிருந்து கோளாறு இருந்தது என்பதற்கு உடைந்த முகமே சாட்சி.

எழுத்தும் எண்ணும் என்ன சொல்கின்றன?

துண்டைத் துணியால் துடைத்து, கைப்பேசி விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பொறித்த எழுத்துகள் நிழலில் தெரியும். ஆனால் எல்லா எழுத்தும் பாக எண் அல்ல.

பிளாஸ்டிக்கில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே 'பிபி', 'ஏபிஎஸ்', 'பிஏ66' என்று ஆங்கில எழுத்தில் இருந்தால், அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதைச் சொல்லும் குறி. அதை வைத்து இணையத்தில் தேடினால் பயன் கிடையாது. கடிகாரம் போன்ற வட்டமும் நடுவில் ஓர் அம்பும் இருந்தால், அது அச்சில் வார்த்த மாதத்தையும் ஆண்டையும் காட்டுகிறது. 'ஆர்எச்' என்றால் வலப்பக்கம், 'எல்எச்' என்றால் இடப்பக்கம். வண்டிக்குள் உட்கார்ந்து முன்நோக்கிப் பார்க்கும்போது வரும் வலமும் இடமும் அவை.

பாக எண்ணுக்கு ஓர் அமைப்பு உண்டு. டொயோட்டாவில் ஐந்து எண்ணும் ஒரு கோடும் மீண்டும் ஐந்து எண்ணும் வரும். ஹோண்டாவில் ஐந்து, மூன்று, மூன்று என்று பிரிந்திருக்கும், நடுவில் உள்ளது பெரும்பாலும் வண்டி ரகத்தின் குறி. மிட்சுபிஷியில் 'எம்பி', 'எம்டி' போன்ற இரண்டு எழுத்துகளைத் தொடர்ந்து ஆறு எண்கள் வரும்.

1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவும் 1993இல் வந்த வீராவும் மிட்சுபிஷி லான்சர் வகைகளை அடிப்படையாகக் கொண்டவை. 1994இல் வந்த கான்சில் டைஹாட்சு மீராவிலிருந்து பிறந்தது. ஆகவே உங்கள் புரோட்டோனிலிருந்து விழுந்த துண்டில் மிட்சுபிஷி எண்ணோ, கான்சிலில் டைஹாட்சு முத்திரையோ இருந்தால் வியப்படைய வேண்டாம். உதிரிபாகக் கடையில் அந்த எண்ணைச் சொன்னாலே பொருத்தமானதை எடுத்துத் தருவார்கள்.

வளையம் போல் சுழலும் பேரிங் கிடைத்தால், அதன் பக்கவாட்டில் 6204, 6205 போன்ற எண் இருக்கும். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 6204 என்றால் 20 மில்லிமீட்டர். 04இலிருந்து இந்தக் கணக்கு சரியாக வரும். 6203 மட்டும் 17 மில்லிமீட்டர்.

எண்ணின் வலிமைக்கு நம் நாட்டைச் சேர்ந்த பெரிய சாட்சி எம்எச்370. காணாமற்போன அந்த விமானத்தின் இறக்கைப் பாகம் ஒன்று 2015 ஜூலை 29ஆம் தேதி ரியூனியன் தீவின் கரையில் ஒதுங்கியது. அதில் இருந்த '657பிபி' என்ற குறியைக் கொண்டு, அது போயிங் 777இன் வலப்பக்க இறக்கையைச் சேர்ந்த ஃபிளாப்பரான் என்று தெரிந்தது. அது எம்எச்370உடையதுதானா என்பது அடுத்த கேள்வி. வெளிப்புறத்தில் இருக்க வேண்டிய அடையாளத் தகடு காணவில்லை. உட்புறத்தில் இருந்த எண்களில் ஒன்று, பாகத்தைத் தயாரித்த ஸ்பெயின் நாட்டு ஆலையின் பதிவோடு ஒத்துப்போனது. செப்டம்பர் 3ஆம் தேதி பிரெஞ்சு அரசு வழக்கறிஞர் அதை உறுதிப்படுத்தினார். கார்த் துண்டுக்கும் அதே முறைதான். வெளியே எண் இல்லையென்றால், உள்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள்.

இடத்துக்கு இடம் அடிக்கடி கிடைப்பவை

ஓட்டுநரின் காலடி: பெடல்களுக்குக் கீழே மஞ்சள், நீலம், பச்சை அல்லது வெள்ளை நிறத்தில் நொறுங்கிய பிளாஸ்டிக் துகள்கள் கிடந்தால், அது பெரும்பாலும் பெடல் ஸ்டாப்பர். பல ஜப்பானிய, கொரிய கார்களில் பிரேக் பெடலின் கையில் ஒரு துளையும், அதில் நாணயம் அளவுள்ள பிளாஸ்டிக் பொத்தானும் இருக்கும். காலை எடுத்ததும் இந்தப் பொத்தான் பிரேக் விளக்கின் சுவிட்சை அழுத்தி விளக்கை அணைக்கும். பத்து ஆண்டுக்கு மேல் வெப்பத்தில் காய்ந்தால் அது பொடிந்துவிடும். சுவிட்ச் துளைக்குள் நுழைந்துகொள்ளும், பிரேக் விளக்கு அணையாமல் எரியும். இரவில் பேட்டரி தீர்ந்துபோகும். அதைவிட மோசம், நீங்கள் உண்மையில் பிரேக் பிடிக்கும்போது பின்னால் வருபவருக்கு அது தெரியாது. ஆட்டோ கியர் காரில் பிரேக் மிதிக்காமலேயே கியர் நகர்ந்துவிடவும் கூடும். சோதிப்பது எளிது. இரவில் சுவரை ஒட்டிப் பின்பக்கத்தை நிறுத்தி, காலை எடுத்த பிறகும் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று பாருங்கள். மாற்றுப் பொத்தான் விலை மலிவு, மாட்டுவதும் சிறு வேலை. இதற்காக சுவிட்சையோ பேட்டரியையோ மாற்றச் சொன்னால், அந்தத் துகள்களை எடுத்துக் காட்டுங்கள். கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் கார்களில் கிளட்ச் பெடலின் பொத்தான் உடைந்தால், வண்டி ஸ்டார்ட் ஆகாது.

கியர்க் கம்பின் அடி: ஆட்டோ கியர் காரில் சிறு வளையம் போன்ற பிளாஸ்டிக் அல்லது ரப்பர் துண்டு கிடைத்து, கியர் தளர்வாக ஆடினால், அது கியர் கேபிளின் புஷ் ஆக இருக்கலாம். கம்பு 'பி'யில் இருந்தாலும் கியர்ப்பெட்டி 'பி'க்குப் போகாமல் இருக்கும், கார் தானாக உருளும். இதே கோளாறுக்காக ஃபோர்டு நிறுவனம் 2022 ஜூனில் அமெரிக்காவில் 29 இலட்சம் வாகனங்களை மீட்டுக்கொண்டது. சரிசெய்யும் வரை கைப்பிரேக்கை இழுக்காமல் இறங்காதீர்கள்.

கதவும் ஓரங்களும்: காளான் வடிவப் பிளாஸ்டிக் கிளிப் கதவு அட்டையையோ பூட்டின் உறையையோ பிடித்திருப்பது. ஆபத்தில்லை, சத்தம் மட்டும் வரும். கதவுக்குள் ஏதோ உருண்டு, கண்ணாடி சாய்ந்து ஏறினால், ஜன்னலைத் தூக்கும் கருவியின் பிளாஸ்டிக் உடைந்திருக்கிறது.

தரை: கார்ப்பெட்டுக்கு அடியில் வட்ட ரப்பர் மூடி கிடைத்தால், அது தரைத் தகட்டின் துளையை அடைப்பது. மாட்டாமல் விட்டால் மழைநீர் ஏறும், கார்ப்பெட் நாறும், தகடு துருப்பிடிக்கும்.

டேஷ்போர்டு பக்கம்: இரண்டு கால் உள்ள வண்ணப் பிளாஸ்டிக் சில்லு ஃபியூஸ். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். எரிந்துபோன ஃபியூஸ் கீழே கிடந்தால், அந்த இடத்தில் இப்போது எது மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். 10க்குப் பதில் 30 மாட்டியிருந்தால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கும்.

முன் இருக்கைகளுக்கு அடி: மஞ்சள் நிற மின்இணைப்பு கழன்று தொங்கினால் தொடாதீர்கள். மஞ்சள் நிறம் காற்றுப்பைக்கும் சீட் பெல்ட்டை இறுக்கும் கருவிக்கும் உரிய அடையாளம். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் அதில் கைவைக்கக் கூடாது. மீட்டர் பலகையில் காற்றுப்பை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பட்டறையில் காட்டுங்கள்.

வண்டியை எடுக்கவே கூடாத நிலை

கீழே உள்ளவற்றில் ஒன்று கிடைத்தால், அல்லது கிடைத்தது இதுவோ என்ற ஐயம் இருந்தால், வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.

ஒன்று: ஒரு முனையில் தலையும் மறுமுனையில் குறுக்குத் துளையும் உள்ள சிறு இரும்புப் பின், அல்லது அந்தத் துளையில் மாட்டும் கொண்டை ஊசி போன்ற கம்பி. பிரேக் பெடலையும் அதன் தண்டையும் இணைப்பது இத்தகைய பின்தான். அது முழுதும் விழுந்தால் பெடல் தரையைத் தொடும், பிரேக் பிடிக்காது.

இரண்டு: இருக்கையை அல்லது சீட் பெல்ட்டைத் தரையோடு பிணைக்கும் தடித்த போல்ட். மோதலில் உடல் எடை முழுவதும் அதில்தான் தொங்கும்.

மூன்று: பெடல்களின் அருகே கிடைக்கும் சுருள் ஸ்பிரிங். எண்ணெய்ப் பெடல் தானாகத் திரும்பி வருகிறதா என்று எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் மிதித்துப் பாருங்கள்.

நான்கு: சக்கர நட்டு. ஒன்று கிடைத்தால் மற்றவையும் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு.

ஐந்து: எந்தத் துண்டாக இருந்தாலும், அதோடு பெட்ரோல் வாசனையோ, பெடல் ஆழமாக இறங்குவதோ, ஸ்டீயரிங் ஆடுவதோ சேர்ந்திருந்தால்.

சிம்பாங் பூலாயிலிருந்தும் தாப்பாவிலிருந்தும் கேமரன் மலைக்குப் போகும் சாலை, ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே மெனோரா சுரங்கத்தை ஒட்டிய நெடுஞ்சாலை இறக்கம் ஆகிய இடங்களில் பிரேக்கின் மேல் வரும் பாரம் சமதரையைப்போல் பல மடங்கு. ஊருக்குள் 'சமாளித்து' ஓடிய வண்டி அங்கே கைவிட்டுவிடும்.

மோட்டார் சைக்கிளில்

இஎக்ஸ்5, கிறிஸ் போன்ற வண்டிகளில் கூடைக்குள்ளோ செயின் உறைக்குள்ளோ கிடைக்கும் துண்டுகளில் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். மீன் வடிவில் ஒரு முனை பிளந்த மெல்லிய தகடு செயின் இணைப்பின் கிளிப். அது இல்லாமல் ஓட்டினால் செயின் அவிழ்ந்து சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். திரும்ப மாட்டும்போது மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். பின்பிரேக்கின் கம்பி நுனியில் இருக்கும் நட்டும் ஸ்பிரிங்கும் விழுந்தால், பின்பிரேக் கிடையாது.

உலோகச் சிதறலும் காற்றுப்பையும்

சிறு உலோகத் துண்டு ஒன்றை அடையாளம் காண்பது எவ்வளவு முக்கியம் என்பதை மலேசியா கசப்பாகக் கற்றுக்கொண்டது. 2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில், 2003ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி ஒன்று விபத்துக்குள்ளானது. விரிந்த காற்றுப்பையின் இன்ஃபிளேட்டர் வெடித்துப் பறந்த உலோகச் சிதறல், ஓட்டிவந்த கர்ப்பிணிப் பெண்ணின் கழுத்தில் பாய்ந்தது. தாயும் சிசுவும் உயிரிழந்தனர். தகாத்தா நிறுவனத்தின் காற்றுப்பையால் அமெரிக்காவுக்கு வெளியே நேர்ந்த முதல் மரணமாக அது பதிவானது. அதே ஆண்டு ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் இறந்த ஒரு பெண்ணின் கழுத்துக் காயத்தைப் பார்த்த போலீசார், அவர் குத்திக் கொல்லப்பட்டாரோ என்றே முதலில் விசாரித்தனர்.

அந்த இன்ஃபிளேட்டர்களில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், நீண்ட நாள் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போகும். கெட்டால் தேவைக்கு மீறிய வேகத்தில் வெடித்து இரும்புக் கூட்டையே சிதறடிக்கும். நம் நாட்டுத் தட்பவெப்பம் அதற்கு ஏற்ற சூழல். உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடி இன்ஃபிளேட்டர்கள் மீட்கப்பட்டன. 2017 ஜூனில் தகாத்தா திவாலானது. 2000களில் வந்த ஹோண்டா போன்ற ஜப்பானிய கார்களைக் கைமாற்றாக வாங்கியவர்கள், காரின் சேசிஸ் எண்ணை அந்தந்த நிறுவனத்தின் சேவை மையத்திலோ இணையத்தளத்திலோ கொடுத்து, மீட்பு வேலை முடிந்ததா என்று கேட்டுவிட வேண்டும். மீட்பு வேலைக்குக் கட்டணம் கிடையாது. மீட்பு அறிவிப்பு முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்கே போயிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் கார்களில் டேஷ்போர்டின் மேல் பிள்ளையார் சிலையோ முருகன் வேலோ ஒட்டியிருப்பது வழக்கம். வெயிலில் பசை இளகி அது கழன்று கிடந்தால், மீண்டும் ஒட்டுவதற்கு முன் இடத்தைப் பாருங்கள். பயணியின் முன்னால் 'எஸ்ஆர்எஸ் ஏர்பேக்' என்று எழுதிய பகுதியின் மேல் எதையும் ஒட்டக் கூடாது. காற்றுப்பை விரியும் வேகத்தில் அந்தச் சிலை அமர்ந்திருப்பவரின் முகத்தில் பாயும். நடுப்பகுதியில், காற்றுப்பை மூடியை விட்டு விலகி, சிறிய படமாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

எண் ஒன்றே என்றாலும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

பாக எண் சரியாக இருந்தால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் சிறிய கார்களில் வைத்த சாவிச் சுவிட்சுகள் ஓடும்போதே நழுவி எஞ்சினை அணைத்தன. எஞ்சின் அணைந்ததும் காற்றுப்பையும் வேலை செய்யாமல் போனது. நிறுவனம் 2006 வாக்கில் உள்ளிருந்த சிறு ஊசியை நீளமாக்கியது, ஆனால் பாக எண்ணை மாற்றவில்லை. அதனால் பழைய சுவிட்சுக்கும் புதியதற்கும் வேறுபாடு உண்டு என்பதே பல ஆண்டு தெரியாமல் இருந்தது. ஒரு விபத்து வழக்குக்காக ஆராய்ந்த பொறியாளர், விபத்துக் காரின் சுவிட்சையும் கடையில் வாங்கிய புதிய சுவிட்சையும் அருகருகே வைத்து ஒப்பிட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. 2014இல் 26 இலட்சம் கார்கள் மீட்கப்பட்டன. 124 மரணங்களுக்கு நிறுவனத்தின் நிதியிலிருந்து இழப்பீடு வழங்கப்பட்டது.

பட்டறையில் நாம் செய்யக்கூடியதும் அதுவே. புதிய பாகத்தை மாட்டுவதற்கு முன், பழையதையும் புதியதையும் ஒரே மேசையில் வைத்து நீளம், துளை, பற்கள், எண் ஆகியவற்றை ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பழைய கார்களைப் பிரித்து விற்கும் 'பொத்தோங்' கடையில் வாங்கும்போது இது இன்னும் அவசியம். கிளிப், கைப்பிடி, விளக்கு, கண்ணாடி போன்றவற்றை அங்கே வாங்கலாம். பிரேக்கின் ரப்பர், சீட் பெல்ட், காற்றுப்பை மூன்றையும் புதிதாகவே வாங்குங்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

துண்டை நீட்டி, "அண்ணே, இது என்ன?" என்று மட்டும் கேட்டு நிறுத்த வேண்டாம். "இது எங்கே மாட்டியிருந்தது? அந்த இடத்தைக் காட்டுங்கள்" என்றும் கேளுங்கள். நல்ல மெக்கானிக் விளக்கை அடித்துக் காலியான துளையைக் காட்டுவார். துண்டு அந்தத் துளையில் பொருந்தினால்தான் அடையாளம் முடிந்தது. பொருந்தாவிட்டால், அவர் சொன்ன பெயர் எதுவாக இருந்தாலும் தேடலைத் தொடர வேண்டும்.

அண்மையில் பழுதுபார்த்த வண்டியில் போல்ட்டோ கிளிப்போ கிடைத்தால், முதலில் அந்தப் பட்டறைக்கே கொண்டுபோய் நயமாகக் கேளுங்கள். திரும்ப மாட்டாமல் விட்ட போல்ட்டாக இருக்கலாம். இதற்காகவே ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும், மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவை வழங்குபவர் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் வேலையைச் செய்ய வேண்டும். பேசித் தீராவிட்டால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதியலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே உங்கள் பக்கம் பேசப்போவது ரசீதும், தேதி எழுதிய அந்தப் பையும், முதல் நாள் எடுத்த படமும்தான்.

தீபாவளிக்கு ஊர் திரும்பும்போதும், தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு குனோங் சீரோவுக்குப் புறப்படும்போதும் டயரையும் எண்ணெயையும் பார்க்கிறோம். அன்றைக்கு நாணயக் குழியையும் ஒரு முறை கிளறிப் பாருங்கள். பெயர் தெரியாத துண்டு ஏதாவது அதில் கிடந்தால், கிளம்புவதற்கு முன் அது எந்தத் துளையிலிருந்து விழுந்தது என்று கண்டுபிடித்துவிடுங்கள்.